பின்கதவு ஓரத்தில் செண்பகம்

சங்குத்திடலுக்கு மின்கம்பம் வந்ததில்லை, வரும் என்று அந்த ஊர்க்காரர்கள் காத்திருந்ததும் இல்லை, கூரைக்கு ஒரு சோலார் தகடு, வீட்டுக்கு ஒரு விளக்கு, அது அணைந்தால் உறக்கம் என்று பழகிப்போன அந்த மீனவக் குடியிருப்பு, ஒரு கார்த்திகை மாதத்தில் மட்டும் காலையில் எழுந்ததும் கடலைப் பார்க்காமல், காற்றைப் பார்க்காமல், மணல்மேட்டில் நின்ற ஒரு வேனைப் பார்த்து "இன்னைக்கு எவ்வளவு நிக்கிது?" என்று கேட்டுவிட்டுத்தான் பல் விளக்கியது. அவர்கள் கேட்டது பேட்டரியை. அந்தப் பேட்டரியை நம்பி வேனின் பின்கதவு ஓரத்தில் உட்கார்ந்திருந்தவள் செண்பகம், இறந்துபோய் ஒரு வருடம் ஆனவள்.

வேனின் சொந்தக்காரர் அம்பலவாணன் அவளுடைய கணவர், பாளையங்கோட்டைக்காரர், மின்வாரியத்தில் திருட்டுக் கரண்ட் பிடிக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் தோப்புக்குள் எவன் கொக்கி போட்டிருக்கிறான், எந்த மாவு மில்லில் மீட்டர் தூங்குகிறது என்று தெருமுனையில் நின்றே சொல்லிவிடுவார் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு, அதில் பாதி உண்மை. வேலையில் பிடித்த பழக்கம் வீட்டுக்கும் வந்தது. செண்பகம் அடுக்களையிலிருந்து கூடத்துக்கு வந்தால் பின்னால் அடுக்களை இருண்டிருக்கும், கூடத்திலிருந்து வாசலுக்குப் போனால் கூடம் இருண்டிருக்கும், சில நாள் அவள் உள்ளே இருக்கும்போதே விளக்கும் ஃபேனும் நின்றுபோகும், "நான் இருக்கேன்ங்க" என்று இருட்டுக்குள்ளிருந்து குரல் வரும், "சத்தம் காட்டினாத்தானே தெரியும்" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் மறுபடி சுவிட்சைப் போடுவார். வெளியே கிளம்பினால் கதவைப் பூட்டும் முன் மெயினை அணைப்பார். கல்யாண வீடானாலும் சரி, துட்டி வீடானாலும் சரி, அதை அவர் நினைத்துச் செய்வதில்லை, கையே செய்துவிடும். செண்பகம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்திருந்த அந்தச் சாயங்காலத்திலும், ஆட்டோக்காரர் ஹாரனை அமுக்க அமுக்க, அவர் திரும்பிப் போய் மெயினை அணைத்துவிட்டுத்தான் வந்தார்.

அன்று மதியமே பூனாவிலிருந்து மகள் கோமதி வரட்டுமா என்று போனில் கேட்டிருந்தாள். "வெறும் வாயுதாம்மா, ஓமத்தண்ணி குடுத்திருக்கேன், நீ பதறி ஓடி வராத" என்று சொல்லியிருந்தார். அவள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வீடு கழுவிவிடப்பட்டிருந்தது. மழையில் ஊரெல்லாம் கரண்ட் போய் ஐஸ் பெட்டி நின்றுவிட்டது, இனிமேல் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் அவசரப்படுத்தியிருந்தார்கள். கோமதி சண்டை போடவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டாள், அதுதான் அவருக்குத் தாங்கமுடியாததாக இருந்தது.

வேன் செண்பகத்தின் ஆசை. இரண்டு பக்கமும் கடல் தெரிகிற இடத்தில் நாலு நாள் இருக்கவேண்டும் என்று கல்யாணமான புதிதில் கேட்க ஆரம்பித்தாள், அவர் பிறகு பார்க்கலாம் என்றார். பிள்ளை வளர்ந்தபின் கேட்டாள், பிறகு என்றார். கேட்பதை விட்டுவிட்ட பிறகு, ஓய்வு பெற்ற கையோடு, ஒரு பழைய டெம்போ வேனை வாங்கி வந்து வாசலில் நிறுத்தி, படுக்கை, அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், கூரையில் சோலார் தகடு, கட்டிலுக்கு அடியில் பேட்டரி என்று அதை ஒரு வீடாக்கத் தொடங்கினார். செண்பகம் மஞ்சள் துணியில் திரை தைத்தாள். பின்கதவு ஓரத்தில் ஒரு மடக்கு இருக்கையும் அதன் பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்டும் கேட்டாள். அங்கே உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு தைக்க ஒரு லைட்டாவது வேண்டாமா என்பது அவள் நியாயம். தேவையில்லாத பாயிண்ட் என்று சொல்லிக்கொண்டேதான் அதைப் போட்டார். அதற்கான லைட்டை வாங்கும் முன் அவள் போய்விட்டாள்.

ஒரு வருடம் வாசலிலேயே நின்ற வேனை அவர் தனியாக ஓட்டிக்கொண்டு ராமநாதபுரத்துக் கரையோரம் போனதும், ஒரு பக்கம் பெருங்கடலும் மறு பக்கம் கடல் புகுந்த கழியுமாக நடுவில் ஒரு நாக்கு மணல் கிடந்த சங்குத்திடலில் நிறுத்தியதும் அவளுக்காகத்தான். நிறுத்திய மறுநாளே பேட்டரி அவருக்கு வேலை வைத்தது. பகலெல்லாம் வெயில் குடித்து நிறைந்த பேட்டரி, ஒரு விளக்கும் போடாமல் படுத்து எழுந்தால் பாதியாகக் கிடந்தது. ஃபிரிட்ஜில் அவருடைய சர்க்கரைக்கான ஊசி மருந்து இருந்தது, அது சூடானால் அவர் பாடு சிரமம், ஆகவே இது வெறும் கவுரவப் பிரச்சினை மட்டுமில்லை.

யாரோ கொக்கி போடுகிறார்கள் என்பதுதான் அவர் புத்திக்கு முதலில் எட்டியது. காலையில் கடல்பாசி எடுக்கப் போன பெண்களை மறித்தார்.

"ராத்திரி யாரும் இங்ஙன வயர் மாட்டுனீயளா?"

முன்னால் வந்தவள் நம்புசெல்வி. விரல்களில் பாறை வெட்டாமலிருக்கத் துணி சுற்றி, முங்கிப் பார்க்கும் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி விட்டிருந்தாள்.

"என்ன வயருண்ணே?"

"கரண்டு வயரு. எம் பேட்டரியில இருந்து யாரோ எடுக்காங்க."

"எடுத்து நாங்க என்னத்த ஓட்டுறது? எங்க வீட்டுல ஓடுறதுக்கு எங்க வீட்டுக்காரர விட்டா ஒண்ணுங் கெடையாது." பெண்கள் சிரித்தார்கள். "சந்தேகமா இருந்தா வந்து வீடு வீடாப் பாத்துக்கங்க. ஆனா வந்தா டீ குடிக்காமப் போகக் கூடாது."

அவரும் மானம் பார்க்காமல் போய்ப் பார்த்தார். வேன் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்ததெல்லாம் ஓலைக் குடிசைகளும் சிமெண்ட் ஷீட் வீடுகளும்தான். ஒவ்வொன்றிலும் குனிந்து நுழைந்து, கூரையிலிருந்து விளக்குக்கு வரும் ஒற்றை வயரை விரலால் தடவிப் பார்த்து, கொடுத்த டீயைக் குடித்தார். கடைசி வீட்டை விட்டு வெளியே வந்தபோது வயிறு நிறையச் சர்க்கரையும், இவர்களில் யாரையும் இனிச் சந்தேகப்பட முடியாது என்ற எரிச்சலும் சேர்ந்திருந்தன.

பிறகு உள்ளே தேடினார். எல்லாம் அணைந்ததுபோலத் தெரிந்தாலும் முழுதாக அணையாத சாமான்கள் ஒரு வண்டிக்குள் நிறைய இருக்கும், இது அவருக்குத் தெரியாததில்லை. ஒன்றும் ஓடாதபோதும் இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு தனக்குத்தானே கொஞ்சம் சாப்பிடும். ரேடியோ தன் கடிகாரத்தை மறக்காமலிருக்கச் சாப்பிடும். போன் சார்ஜ் போடும் பாயிண்ட்களின் நீலப் பொட்டு விளக்குகள் சாப்பிடும். கேஸ் கசிந்தால் கத்தும் பெட்டி கேஸ் கசியாத நாளிலும் சாப்பிடும். கம்பியை வாயால் கவ்வி உள்ளே ஓடும் கரண்டைக் காட்டுகிற டாங் டெஸ்டர் என்ற கருவியைப் பேட்டரி வயரில் மாட்டி வைத்துவிட்டு, ஃபியூஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினார். பிடுங்கப் பிடுங்க எண் இறங்கியது. ஓரளவு இறங்கி, ஒண்ணேகால் ஆம்பியரில் நின்று, அதற்குக் கீழே போகமாட்டேன் என்றது. பெட்டியில் ஒரே ஒரு ஃபியூஸ்தான் மிச்சம், அது எதுவும் மாட்டப்படாத பின்கதவு ஓரத்துப் பாயிண்டுடையது. அதில் விரல் வைத்தார்.

"அத மட்டும் எடுக்காதீங்க" என்றாள் செண்பகம்.

மடக்கு இருக்கையில் கால்களைத் தொங்கவிட்டு, மஞ்சள் திரையை ஒதுக்கிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல மதிய வெயில் நேரம், பேட்டரி நிறைந்திருந்தது, அதனால் சேலைக் கரையில் இருந்த மாங்காய்ப் புட்டாகூடத் தெளிவாகத் தெரிந்தது. அம்பலவாணனுக்கு முதலில் வந்தது பயமில்லை, அழுகையுமில்லை. கணக்கு நேராகிவிட்ட நிம்மதி. அதை நினைத்துத்தான் அவர் பின்னால் மிகவும் வெட்கப்பட்டார்.

"நீதான் எடுக்கியா?"

"நாந்தான். கொஞ்சமாத்தான் எடுக்கேன்."

"எப்ப வந்த?"

"வண்டிய இந்த மண்ணுல நிறுத்தினீங்கல்லா, அன்னைக்கே வந்துட்டேன். நீங்கதான் பின்பக்கம் திரும்பிப் பாக்கல." அவள் குறையாகச் சொல்லவில்லை. "மத்ததையெல்லாம் அணைச்சுக்கிடுங்க. இது ஒரு தடவ அணைஞ்சா எனக்குத் திரும்பி வர வழி தெரியாது. அத மட்டும் மனசுல வச்சுக்கிடுங்க."

அவர் விரலை எடுத்தார்.

ஊர் அதை ஏற்றுக்கொள்ள அரை நாள்கூட ஆகவில்லை. பாசி மூட்டையோடு திரும்பிய பெண்கள் பின்கதவில் ஓர் அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள், அண்ணன் வீட்டு அக்கா வந்திருக்காக என்று நினைத்துக் கும்பிட்டார்கள், கிட்டே போனபோது அவள் வழியாகக் கட்டில் கால் மங்கலாகத் தெரிவதைக் கண்டு ஒரு நொடி நின்றார்கள், பிறகு நம்புசெல்வி "மதினி எப்பத் தவறுனாக?" என்று அம்பலவாணனிடம் கேட்டாள், அவர் போன கார்த்திகையில் என்றார், "அதான், தலைத் திவசத்துக்கு வந்திருக்காக" என்று சொல்லிவிட்டு மூட்டையை இறக்கி வைத்து, மதினிக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து பாசியில் சிப்பி பொறுக்கத் தொடங்கினாள். எப்படி, ஏன் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. போனவன் திரும்பாத வீடுகள் நிறைய உள்ள கரை அது. யாரோ ஒருத்தி திரும்பியிருக்கிறாள் என்றால் உட்காரச் சொல்வார்களே தவிர விசாரணை வைக்கமாட்டார்கள். கணவனைக் கடலில் பறிகொடுத்த ஒருத்தி மட்டும் தயங்கித் தயங்கி வந்து, அங்கிட்டு அவரைப் பார்த்தீகளா என்று கேட்டாள். "பொய் சொல்ல மாட்டேம்மா, எனக்கு இந்தக் கதவோரந்தான் தெரியும்" என்றாள் செண்பகம். வந்தவள் அழுது முடிக்கும்வரை கூடவே இருந்தாள், அதற்குப் பிறகு அந்தப் பெண் தினமும் வந்தாள்.

மதியம் அவள் நன்றாகத் தெரிவாள், சாயங்காலம் நிறம் குறையும், பொழுது சாய்ந்த பிறகு வெறும் வெள்ளைக் கோடாக இருப்பாள், விடியும்போது குரல் மட்டும் இருக்கும். அதனால் விருந்தாளிகள் மதியத்தில் வந்தார்கள். மருமகள் சண்டை, மாப்பிள்ளையின் குடி, குளிக்காமல் நிற்கிற மாதம் எல்லாம் மடக்கு இருக்கைக்கு வந்து சேர்ந்தன. செண்பகம் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பாள். பாளையங்கோட்டையில் அவள் பேச்சை முடிக்கும் முன் விளக்கு அணைந்துவிடும் என்பதால் கேட்பதில்தான் அவளுக்குப் பழக்கம் அதிகம். நம்புநாயகி அம்மன் பொங்கலுக்கு அவளுக்கும் ஓர் இலை போட்டார்கள், பரிமாறியதை நம்புசெல்வி சாப்பிட்டாள், மதினிக்குப் பசியே இல்லை என்று ஊருக்கெல்லாம் சொன்னாள். சுற்றுப்பட்டு ஊர்கள் எல்லாம் மழை வேண்டிக் கும்பிட்ட மாதத்தில் சங்குத்திடல் மட்டும் வெயில் வேண்டிக் கும்பிட்டது, அம்மன் யார் பேச்சைக் கேட்பதென்று குழம்பியிருப்பாள். படகில் போகிறவர்கள் கரையைப் பார்த்துக் கையை உயர்த்தி விரல்களை விரிப்பார்கள், அதற்கு எத்தனை சதவீதம் என்று அர்த்தம். கரையில் நிற்பவர் பதிலுக்கு விரல் காட்டுவார்.

அம்பலவாணன் இத்தனைக்கும் நடுவில் என்ன செய்தார் என்றால், கரண்டை மிச்சம் பிடித்தார். அவருக்குத் தெரிந்த அன்பு அதுதான். இன்வெர்ட்டரைக் கழற்றி வெளியே வைத்தார். ரேடியோவின் வயரைத் துண்டித்தார். கேஸ் பெட்டியை எடுத்துவிட்டு அடுப்பை வெளியே மணலில் வைத்துச் சமைத்தார். நீலப் பொட்டு விளக்கு இருந்த பாயிண்ட்களையெல்லாம் பிடுங்கினார். சோலார் தகட்டில் படிந்த உப்பைக் காலையிலும் மாலையிலும் துடைத்தார், பேட்டரி முனைகளில் பூத்த பொடியைச் சுரண்டிக் கிரீஸ் தடவினார், பகலில் பத்துத் தடவை டாங் டெஸ்டரை மாட்டி, அவள் எடுக்கிற ஒண்ணேகால் தவிர வேறு சொட்டுக்கூட எங்கும் போகவில்லை என்று உறுதி செய்துகொண்டார். கதவருகில் இருந்த சிவப்பு மெயின் சுவிட்சை யாரும் தொடக்கூடாது என்று வருகிறவர்களிடமெல்லாம் கண்டித்துச் சொன்னார். வேனில் ஏறும்போது பெண்கள் சேலை முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள், அதில் பட்டுவிடக்கூடாதே என்று.

"இங்ஙன கொஞ்சம் வந்து உக்காருங்களேன்" என்பாள் செண்பகம். "கடல் எப்பிடிப் பச்சையாக் கெடக்கு பாருங்க."

"இந்தா, இத முடிச்சிட்டு வருதேன்" என்பார் அவர், கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு. ஒன்று முடிந்தால் இன்னொன்று இருக்கும். அவள் இருப்பாள், வெயில் நிலைப்படட்டும், பேட்டரி நிமிரட்டும், பிறகு நிதானமாகப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தார். பேச நிறைய இருந்தது. ஆட்டோவை நிறுத்தி வைத்துவிட்டுத் திரும்பிப் போனதைப் பற்றிப் பேச வேண்டும், கோமதியை வராதே என்றதைப் பற்றிப் பேச வேண்டும், எப்படித் தொடங்குவதென்று தெரியாததால் கிரீஸ் தடவினார்.

கோமதிக்குப் போன் செய்தது செண்பகம் கேட்டதால்தான். போனை அவள் பக்கம் நீட்டினார், அவள் குரல் அதில் ஏறவில்லை, மறுமுனைக்குக் கடல் சத்தம்தான் கேட்டது. ஆகவே அவரே சொன்னார், அம்மா இங்கே இருக்கிறாள் என்று.

"அப்பா, நீங்க சாப்பிட்டீங்களா? ஊசி ஒழுங்காப் போடுறீங்களா?"

"புத்தி நல்லாத்தாம்மா இருக்கு. ஒங்க அம்மா ஒன்னப் பாக்கணுங்கா. நீ வா."

"நீங்க என்னை வான்னு கூப்பிடறது இதுதான் முதல் தடவைப்பா" என்றாள் கோமதி. நம்பினாளா இல்லையா என்பது அவளுக்கே தெரிந்திருக்காது, ஆனால் டிக்கெட் போட்டாள்.

அவள் ரயில் ஏறும் முன்பே மேகம் ஏறியது. கார்த்திகை மேகம் கடலுக்கும் கழிக்கும் சேர்த்து ஒரே மூடியாகக் கவிந்து, நாளெல்லாம் பொழுது விடியாததுபோலவே கிடந்தது. செண்பகம் மதியத்திலேயே கோடாகத் தெரிந்தாள். அம்பலவாணன் கணக்குப் போட்டார், எப்படிப் போட்டாலும் ஃபிரிட்ஜும் அவளும் சேர்ந்து கோமதி வரும்வரை ஓட வழியில்லை. ஃபிரிட்ஜை அணைத்தார். மருந்தை ஈரத்துணியில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை நம்புசெல்வியின் கணவர் காளிதாஸ் பார்த்தார். லோடு ஆட்டோவில் மீன் ஏற்றிப் பாம்பனுக்குப் போய் ஐஸோடு திரும்புகிறவர் அவர்.

"ஐஸ் பெட்டில ஒரு மூலைய ஒதுக்கித் தாறேன் சார். நெத்திலியோட நெத்திலியாக் கெடக்கட்டும்."

அப்படியே கிடந்தது, அதற்குப் பிறகு ஊசி போட்டுக்கொள்ளும் நேரத்திலெல்லாம் அவர் மீன் மணத்தார். அன்று சாயங்காலம் யாரும் சொல்லாமலே ஊர் தன் பேட்டரிகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தது. வீட்டு விளக்குகளின் பேட்டரி, படகில் வைக்கும் பேட்டரி, காளிதாஸின் லோடு ஆட்டோ பேட்டரி, கயிறு கட்டித் தூக்கி வந்த ஒரு பழைய டிராக்டர் பேட்டரி. அம்பலவாணன் சேரக்கூடியதைச் சேர்த்து, சேராததைத் திருப்பிக் கொடுத்து, வரிசையாக மணலில் அடுக்கி வயர் இழுத்தார். வாழ்நாளெல்லாம் அவர் பிடித்து அபராதம் போட்ட வேலையைத் தன் கையாலேயே செய்தார், வீடு வீடாகக் கரண்ட் வாங்கினார். மேகம் விலகும்வரை சங்குத்திடலில் எந்த வீட்டிலும் விளக்கு எரியவில்லை, பின்கதவில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு உட்கார்ந்திருந்தது. "எனக்காக எதுக்குங்க இம்புட்டுப் பேரு இருட்டுல" என்று அது வருத்தப்பட்டது.

கோமதி வந்து இறங்க வேண்டிய நாளில் வானம் வெளுத்தது. காலையிலேயே வெயில் சுள்ளென்று அடித்தது, எண் ஏற ஏற செண்பகத்துக்கு நிறம் ஏறியது, தோள் வந்தது, கை வந்தது, மூக்குத்தி வந்தது. பெண்கள் அன்று பாசிக்குப் போகவில்லை. தாழம்பூ வைத்துவிடலாமென்று நம்புசெல்வி பூவோடு வந்து நின்றாள், பூ மதினியின் தலை வழியாக இருக்கையில் விழுந்தது, இருவரும் சிரித்தார்கள். காளிதாஸ் தன் பேட்டரியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, ஸ்டேஷனுக்குப் போய்ப் பிள்ளையைக் கூட்டி வரலாம் வாங்க என்று லோடு ஆட்டோவை வேனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். சங்குத்திடலுக்கு வந்ததிலிருந்து அம்பலவாணன் வேனைக் கண்ணால் பார்க்க முடியாத தூரத்துக்குப் போவது அதுதான் முதல் தடவை. சட்டை மாற்றினார், தலை சீவினார், மகளைக் கண்டதும் என்ன சொல்வதென்று மனசுக்குள் கோத்துக்கொண்டிருந்தார்.

"கேக்கீங்களா" என்றாள் செண்பகம். "போறதுக்கு முன்ன ஒரு நிமிசம் இங்ஙன வாங்களேன்."

"ரயில் வந்திரும். இந்தா, கூட்டிட்டு வந்திருதேன்" என்று அவர் இறங்கினார்.

வழியெல்லாம் வெயில் நன்றாக இருந்தது. ஸ்டேஷனில் கோமதி அவரைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வந்து, மீன் மணத்தில் மூக்கைச் சுருக்கி, ஒரு வருடத்துக்குப் பிறகு சிரித்தாள். ஐஸ் பெட்டி மேல் துணி விரித்து உட்கார்ந்து இருவரும் வந்தார்கள். அம்மா அதே சேலையா கட்டியிருக்கா என்று கேட்டாள். மாங்காய்ப் புட்டா சேலை என்றார். அது நான் முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்தது என்று சொல்லிவிட்டுக் காற்றில் பறந்த முடியைப் பிடித்துக்கொண்டாள்.

வேனைச் சுற்றிப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அம்பலவாணன் ஆட்டோ நிற்கும் முன்பே இறங்கினார். பின்கதவு திறந்திருந்தது, மஞ்சள் திரை ஒதுங்கியிருந்தது, மடக்கு இருக்கையில் தாழம்பூ கிடந்தது.

நம்புசெல்வி முன்னால் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"நீங்க எறங்குன ஒடனே மதினியக் காணலண்ணே. பேசிக்கிட்டு இருக்கையிலயே போயிட்டாக. மெயினு ஆஃப்புல கெடக்கு." பிறகு, சொல்லியாக வேண்டும் என்பதால் சொன்னாள். "நாங்க யாருந் தொடலண்ணே. சத்தியமாத் தொடல."

தொடவில்லை என்று அவருக்குத் தெரியும். இறங்கும்போது வலது கை தானாக நீண்டதும், சுவிட்ச் திரும்பியதும், அந்தச் சின்ன டக் சத்தமும் இப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தன. ஏறிப் போய் மெயினைப் போட்டார். அணைத்தார், மறுபடி போட்டார். ஃபியூஸைப் பிடுங்கித் துடைத்து வைத்தார். மணலில் இறங்கி நின்று செண்பகம் செண்பகம் என்று கூப்பிட்டார், அவள் உயிரோடு இருந்தபோதுகூட அப்படிச் சத்தமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஓர் ஆண்பிள்ளை இப்படி உடைந்துபோவதைப் பார்க்கக்கூடாது என்று காளிதாஸ் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்பலவாணன் டாங் டெஸ்டரை மாட்டினார். அது பூஜ்யம் காட்டியது. வேனை வாங்கியதிலிருந்து அவர் பார்க்க ஆசைப்பட்ட எண் அதுதான்.

"நாந்தாம்மா அணைச்சிட்டேன்" என்றார் மகளிடம். "வேற யாரும் இல்ல. நாந்தான்."

கோமதி கத்துவாள் என்று பெண்கள் பயந்தார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வேனில் ஏறிப் போய், பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மடக்கு இருக்கையில் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் கடல் தெரிந்தது.

சங்குத்திடல் பெண்கள் அதன் பிறகுதான் நெருங்கினார்கள். மணலில் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் மாற்றி ஒருவராக, மதினி சொன்னதையெல்லாம் அந்தப் பிள்ளைக்குச் சொன்னார்கள். ஆட்டோவில் ரொம்ப வலிக்கவில்லையாம், வேப்பமரக் காற்று வந்ததாம், அதுதான் கடைசியாக ஞாபகமிருக்கிறதாம். நீங்கள் சின்ன வயசில் மழை பெய்தால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வீர்களாம், பூனாவில் மழை பெய்யும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்வார்களாம். வராததில் உங்கள் மேல் வருத்தமே இல்லையாம், லீவு கிடைக்காத வேலையாக இருக்கிறதே என்றுதான் வருத்தமாம். கடலில் கணவனை விட்டவள், மதினி தனக்கு ஒரு பாட்டுக் கற்றுக்கொடுத்ததாகச் சொல்லி அதில் இரண்டு வரி பாடினாள், அது கோமதியைத் தூங்கவைக்கப் பாடின பாட்டு. கோமதி அழுதாள், சிரித்தாள், இன்னும் சொல்லுங்க என்றாள். அவர்களிடம் இன்னும் இருந்தது.

அம்பலவாணன் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அதில் ஒன்றுகூடத் தெரியாது. வெயில் இறங்கி, பெண்கள் அடுப்பு மூட்ட எழுந்து போன பிறகு கோமதி அவரைப் பார்த்தாள். கோபம் இல்லாத குரலில்தான் கேட்டாள், மிச்சமிருப்பதையும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுபோல.

"உங்ககிட்ட அம்மா என்னப்பா சொன்னா?"

அவர் யோசித்தார். இங்ஙன வந்து உக்காருங்க என்றாள். கடல் பச்சையாகக் கிடக்கிறது என்றாள். அதற்கு மேல் அவள் சொல்ல அவர் இடம் கொடுக்கவில்லை. மகளுக்குக் கொடுக்க அவரிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் என்று தெரியாமலே கொடுத்தார்.

"ஒண்ணேகால் ஆம்பியர்தாம்மா எடுத்தா. ஒரு ஜீரோ வாட் பல்புக்கு ஆகுற அளவு. ஒரு நாள்கூட அதுக்கு மேல எடுக்கல" என்றார். "நான் அளந்துக்கிட்டே இருந்தேன்."